ஹோர்மோன் மாத்திரை எடுக்கும்போது திரும்ப இரத்தம் படுகிறது. நிறுத்திவிடலாமா?

ஹட்டன்_தங்கச்சி:
அக்காவுக்கு 53 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். உடம்புச் சூடும் தூக்கமின்மையும் தாங்காமல் நாலு மாதமாக ஈஸ்ட்ரடையோல் 1 மி.கி., மெட்ரொக்ஸிபுரொஜெஸ்டரோன் 2.5 மி.கி., இரண்டும் தினமும் எடுக்கிறார். போன மாதம் டவுன் பாமசியில் இரண்டாவது மாத்திரை முடிந்துபோய், இரண்டு கிழமை முதல் மாத்திரையை மட்டும் போட்டார். இப்போது பத்து நாளாகக் கறை. நடுவில் இரண்டு நாள் நல்ல சிவப்பு. கர்ப்பப்பை எடுக்கவில்லை. சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை சரி என்றார்கள். அது போதுமா?

பாமசி_பண்டாரவளை:
அந்த இரண்டு கிழமைதான் பெரும்பாலும் காரணம். முதல் மாத்திரையான ஈஸ்ட்ரஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும், இரண்டாவதான புரொஜெஸ்டரோன் வகை மாத்திரை அதை மெல்லியதாக அடக்கி வைக்கும். அடக்குகிற மருந்து நின்றால் சவ்வு வளர்ந்து, ஒழுங்கில்லாமல் உதிரும். இரண்டு கிழமையில் புற்றுநோய் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் ஈஸ்ட்ரஜனைத் தனியே போட்டால் அந்த ஆபத்து கூடும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத்தான் ஈஸ்ட்ரஜன் தனியாகப் பொருந்தும்.

இரண்டு மாத்திரைக் கார்டையும் ஒரே ரப்பர் பட்டியில் கட்டி, பின்பக்கம் பேனாவால் திகதி எழுதி வையுங்கள். எதிலாவது ஏழு மாத்திரை மிஞ்சும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். கிடைக்காவிட்டால் உடனே வைத்தியரைக் கேளுங்கள். விடுபட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது.

தாதி_டிக்கோயா:
பாப் போதாது. அது கர்ப்பப்பைக் கழுத்தை மட்டும்தான் பார்க்கிறது. உட்சவ்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கிளினிக் கொப்பியில் "சரி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

தொடங்கிய முதல் 6 மாதமும், அளவு மாற்றிய பின் 3 மாதமும் கறை படுவது சகஜம். அதற்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, நின்றது திரும்பவும் தொடங்கினாலோ யோனிவழி ஸ்கேன் எடுக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும். இரண்டு மருந்தும் தினமும் எடுப்பவருக்கு உட்சவ்வு 4 மி.மீ. வரை இருக்கலாம். கூடினால் மெல்லிய குழாய் விட்டுச் சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். சில நிமிடம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அக்கா பருமனாக இருந்தாலோ சர்க்கரை வியாதி இருந்தாலோ 6 மாதம் பார்க்காமல் இப்போதே வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்த நாள், எத்தனை பேட், இரத்தக் கட்டி விழுந்ததா, எந்த மாத்திரை விடுபட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்து, அடுத்த மணித்தியாலமும் அப்படியே என்றாலோ, தலைசுற்றி விழப்போனாலோ விடியட்டும் என்று லயத்தில் இருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம்.

ஹட்டன்_தங்கச்சி:
நன்றி. அக்கா வலிப்புக்குக் கார்பமசபீனும் போடுகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பாமசி_பண்டாரவளை:
உண்டு, இதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். கார்பமசபீன் ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, இரண்டு ஹோர்மோனையும் சீக்கிரம் கரைத்துவிடும். ஒழுங்காகப் போட்டாலும் கறை படுவதற்கு அதுவே காரணமாகலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். மாற்ற வேண்டியது ஹோர்மோனின் அளவையோ வகையையோதான். தோலில் ஒட்டும் பட்டை, பூசும் ஜெல் இரண்டும் நேரே இரத்தத்தில் சேருவதால் ஈரல் முதலிலேயே கரைப்பது குறையும். அவற்றைப் பற்றியும் கேளுங்கள்.