கலைச்சொல் தேவை: வெப்ப எக்கியிலிருந்து வரும் வாடைகள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் வெப்ப எக்கிகளுக்கான (ஹீட் பம்ப்) சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது: ஆங்கிலத்தில் ‘டர்ட்டி சாக் சிண்ட்ரோம்’ எனப்படும் வாடைக் கோளாறு. பகலில் குளிர்விப்பும் இரவில் வெப்பமூட்டலும் மாறி மாறி ஓடும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். குளிர்விக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் குழாய்ச்சுருள், அதாவது உள்சுருள், நனைகிறது. அதன் அலுமினியத் தகடுகளில் ஒட்டிய தூசியில் பாக்டீரியா படலமாக வளர்கிறது. இரவில் குளிர்பதனப் பொருளின் ஓட்டத்தை மாற்றும் திசைமாற்று வால்வு திரும்பி அதே சுருள் சூடேறும்போது வாடை கிளம்பி, சற்று நேரத்தில் தணிந்துவிடும்.

‘அழுக்குக் காலுறை நோய்க்குறி’ என்ற பெயர் குழுமத்தின் பழைய உரையாடல் இழை ஒன்றில் இருக்கிறது. அதைக் கேட்பவருக்கு எந்திரத்தின் எந்தப் பாகத்தைத் திறக்க வேண்டும் என்று தெரியாது. ‘சுருள்வாடை’ என்பது என் பரிந்துரை.

——

ஐயா, வணக்கம். ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன்.

> ‘சுருள்வாடை’ என்பது என் பரிந்துரை.

சொல் சின்னதாக, நன்றாக இருக்கிறது. ஆனால் சுருள் வழியாக வரும் மணமெல்லாம் சுருளில் பிறப்பதில்லை. குளிர்காலத்தில் உள்சுருள் சூடாகவே இருப்பதால் அதில் நீர் வடிவதில்லை. சாக்கடைக் காற்றைத் தடுக்க வடிகுழாயின் வளைவில் நிற்க வேண்டிய நீர், அதாவது நீர்ப்பூட்டு, மெல்ல வற்றிப்போகும். அந்தக் குழாய் சாக்கடைக் குழாயோடு நேரே இணைக்கப்பட்டிருந்தால், விசிறியின் உறிஞ்சலில் சாக்கடைக் காற்று பெட்டிக்குள் ஏறும். வீட்டுக்காரர் இதையும் ‘மெஷின் மணக்குது’ என்றுதான் சொல்வார். ‘சுருள்வாடை’ என்று பெயரிட்டால் சுருளைக் கழுவப் போய்விடுவார்கள். அங்கே தேவைப்படுவது வளைவில் ஊற்ற அரை லீற்றர் தண்ணீர்தான். நீர் நின்றதும் மணம் அடங்கினால் காரணம் உறுதி. பிறகு குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து, இடையில் காற்றிடைவெளி விட்டுத் திருத்த வேண்டும். இதற்கு ‘நீர்ப்பூட்டு வற்றல்’ எனத் தனிச்சொல் தரலாமா?

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை. முதலில் விசிறியை மட்டும் ஓட விடுங்கள். அப்போதே மணம் இருந்தால் வடிகுழாயையும், எலி செத்துக் கிடக்கிறதா என்று காற்றுக்குழாயையும் பாருங்கள். இல்லையென்றால் அரை மணி நேரம் குளிர்வித்து, உடனே வெப்பத்துக்கு மாற்றுங்கள். அறையின் அப்போதைய வெப்பநிலையைவிட ஒரு பாகை மட்டும் கூட்டி வையுங்கள். அதற்கு மேல் கூட்டினால் துணை மின்சூடேற்றிக் கம்பிகளும் சூடேறத் தொடங்கலாம். அவற்றின் தூசி கருகும் மணம் கலந்து சோதனையைக் கெடுத்துவிடும். முதல் நிமிடங்களில் வந்து தணிந்தால், அது நீங்கள் சொன்ன படலம்.

——

வணக்கம் நண்பரே.

உங்கள் மறுப்பு சரி. நமக்கு இரண்டு அடுக்குச் சொற்கள் வேண்டும்: வீட்டார் மூக்கில் படுவதற்கு ஒன்று, பழுது பார்ப்பவர் கண்டறிவதற்கு ஒன்று. முதல் அடுக்குக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நிழலில் காய்ந்த துணியின் வாடையை அறியாத வீடு இல்லை. ஆகவே அறிகுறிக்கு ‘ஈரத்துணி வாடை’, கண்டறிந்த கோளாறுக்கு ‘சுருட்படலம்’. ‘நீர்ப்பூட்டு வற்றல்’ அப்படியே பட்டியலில் ஏறட்டும்.

சுருட்படலத்தின் விளக்கத்தில் கழுவும் முறையும் இருக்க வேண்டும். பிரேக்கரை அணைத்துவிட்டு, அமிலமும் குளோரின் வெளுப்பானும் இல்லாத நுரைக் கழுவியைத் தெளித்து, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தகடுகளின் போக்கிலேயே மென்தூரிகையால் தேய்க்க வேண்டும். வெளுப்பான் அலுமினியத்தை அரிக்கும். கூரை வடிவச் சுருளில் பலர் வெளிப்பக்கத்தை மட்டும் கழுவி மூடிவிடுகிறார்கள். காற்று கீழிருந்து நுழையும் அமைப்பில் அழுக்கு அடைவது கூரையின் உட்பக்கத்தில். முன்னால் உள்ள முக்கோணத் தகட்டைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். இதைச் செய்யாத வீட்டில் வாடை திரும்பி வரும். வாசனை வடிகட்டி மாட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

மற்ற வாடைகளுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. குளிர் தொடங்கிய முதல் நாளில் மின்சூடேற்றியிலிருந்து வருவது ‘காந்தல்’. ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால் கவலை இல்லை. மீன் நாற்றம் போல வந்தால் ‘கவிச்சி’. மின்முனை தளர்ந்து சூடேறி, கம்பியுறையோ பிளாஸ்டிக்கோ வேகும்போது இப்படி நாறும்.

——

> மீன் நாற்றம் போல வந்தால் ‘கவிச்சி’.

ஐயா, இந்தப் பதிவில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். இங்குள்ள காற்றுக்குழாய்வழி அமைப்புகளில் அது 24 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்தும். பெட்டிக்குள் 240 வோல்ட் அப்படியே நிற்கும். கவிச்சி என்றால் பிரேக்கரையே இறக்க வேண்டும், மின்பணியாளர் முனைகளைப் பார்க்கும் வரை ஏற்றக் கூடாது.

எரிவாயு உலையும் சேர்ந்துள்ள வீட்டில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எந்த ஆளியையும் தொடாமல் வெளியேறி, வெளியே நின்று எரிவாயு நிறுவனத்தை அழைக்க வேண்டும். அதற்குக் கலைச்சொல் தேடாமல் ‘அழுகிய முட்டை நாற்றம்’ என்றே அச்சிடுவோம். படிப்பவர் ஒரு நொடிகூட யோசித்து நிற்கக் கூடாது.

குளிர்பதனப் பொருள் கசிவை வாடைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஆர்-410ஏ-க்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. இணைப்புகளில் எண்ணெய்க் கறையும் சோப்புநுரைச் சோதனையும் காட்டுவதை மூக்கு காட்டாது.