3 கிலோவாட் சோலார் மதுரைல 1,02,000 ரூபாய்தானா? ஸ்டாண்டு காசு எங்க போச்சு?

திருநகர்க்காரன்:
எங்க வாட்ஸ்அப் குரூப்புல நேத்து ராத்திரி வண்டியூர்வாசி எழுதுனதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. "மதுரைல 3 கிலோவாட் சோலார் போட 1,02,000 ரூபாய்தான், அதுக்கு மேல குடுத்தவன் ஏமாந்தவன்"னு போட்டிருக்காரு. நான் குடுத்தது 1,47,000. கணக்கை இங்கயே வைக்கிறேன். பேனல், இன்வெர்ட்டர், வயரிங், எர்த்திங் பூராம் சேத்து 1,85,000. பேனலைத் தூக்கி நிறுத்துற எட்டடி ஸ்டாண்டுக்கு ஜிஐ பைப்பும் வெல்டிங் கூலியும் 28,000. அந்தக் காலு நிக்கிறதுக்கு கான்கிரீட் பீடம் கட்டுனது 12,000. ஆக 2,25,000. மத்திய அரசு மானியம் 78,000 போக 1,47,000. வண்டியூர்வாசி அண்ணே, உங்க ஸ்டாண்டு எத்தனை அடி?

வண்டியூர்வாசி:
நான் பொய் எழுதல. கொட்டேஷன் 1,80,000. மானியம் 78,000. கழிச்சுப் பாருங்க, ஒண்ணாப்புப் பிள்ளை கூட சொல்லும். ஸ்டாண்டும் அந்த 1,80,000க்குள்ளயே அடக்கம்.

திருநகர்க்காரன்:
எத்தனை அடின்னு கேட்டேன்.

வண்டியூர்வாசி:
தெக்காம முன்பக்கம் ஒண்ணரை அடி, வடக்காம பின்பக்கம் மூணடி. நம்ம ஊருக்குப் பத்து டிகிரி சாய்வு போதும்னு எல்லா வெண்டரும் சொல்லுறான். எட்டடிக்கு ஏத்துனா சூரியனுக்குக் கிட்ட போயிருவீங்களா?

திருநகர்க்காரன்:
இதுதான் விஷயம். 3 கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு சதுர அடி போயிரும். ஒண்ணரை அடியில போட்டா அந்த இடம் செத்த இடம். எங்க வீட்டு மாடி மொத்தமே எழுநூறு சதுர அடி. அதுலதான் தண்ணித் தொட்டி, துணிக்கொடி, பங்குனி சித்திரைல அம்மா ஊத்துற கூழ் வத்தல். எட்டடில தூக்குனதால கீழ நிழலும் ஆச்சு, பிள்ளைக படிக்கவும் ஆச்சு. வீட்டுல பாதி மாடியைத் தொலைச்சுட்டு 1,02,000ல முடிஞ்சதுன்னு சொல்றது எப்படிண்ணே சரியாகும்? மாடியும் காசுதானே?

கூடல்நகர் அக்கா:
தம்பிகளா, ஸ்டாண்டு உயரத்தை விடுங்க, அதை எப்படி நிறுத்துனாங்கன்னு கேளுங்க. எங்க வீட்டுல வந்த பசங்க தட்டோட்டையே துளை போட்டு போல்ட்டை முறுக்கிட்டுப் போயிட்டாங்க. ஐப்பசி மழைல பூஜை ரூம் சுவர்ல முதல்ல ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம். கார்த்திகைல அது சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு முழம் இறங்கிருச்சு. மேல போய்ப் பாத்தா போல்ட்டைச் சுத்தித் துருத்தண்ணி பழுப்பா வழிஞ்சு வெள்ளைத் தளத்துல கோடு போட்டிருக்கு. தட்டோட்டைப் பேத்துத் திரும்பப் பதிக்க 18,000 ஆச்சு. பீடம் கட்டச் சொல்லி வாங்குங்க.

திருநகர்க்காரன்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. அந்தப் பீடக் காசு 12,000ஐத்தான் நான் சேத்துச் சொன்னேன். வண்டியூர்வாசி அதைச் சொல்லவே இல்லை. அண்ணே, உங்க வீட்டுல துளையா பீடமா?

வண்டியூர்வாசி:
துளைதான். துளைக்குள்ள பசை ஊத்தி போல்ட்டை இறுக்குற ரசாயன ஆங்கர் போட்டு, மேல வாட்டர்ப்ரூஃப் பூசி ஒரு மழைக்காலம் தாண்டிருச்சு. ஒரு சொட்டு இறங்கல. எல்லா வேலையும் ஒரே மாதிரி மட்டமா இருக்காது அக்கா. இன்னொண்ணு, நான் போட்டது 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம். சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சது அன்னைக்குத்தான். திருநகர்க்காரர் முன்னாடியே அவசரப்பட்டுப் போட்டுட்டாரு. அந்தக் கோபத்தை எம்மேல காட்டுறாரு.

திருநகர்க்காரன்:
ஜிஎஸ்டில எனக்குக் குறைஞ்சிருக்கும்னா எட்டாயிரம் சுத்துவட்டாரம். நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள 45,000 வித்தியாசத்துல மீதி 37,000 எங்க? ஸ்டாண்டுலயும் பீடத்துலயும் இருக்கு. நான் அதைத்தானே முதல்ல இருந்து கேக்குறேன்? போன வருஷம் போர்வெல் பேச்சுலயும் நீங்க இப்படித்தான். எத்தனை அடில தண்ணின்னு கேட்டா மோட்டார் கம்பெனி பேரைச் சொன்னீங்க. இன்னிக்கும் அடியைக் கேட்டா ஜிஎஸ்டிக்கு ஓடுறீங்க.

வண்டியூர்வாசி:
போர்வெல்லை எதுக்கு இழுக்குறீங்க? அதுல நான் சொன்ன இடத்துலதான் தண்ணி வந்துச்சு, குரூப்புக்கே தெரியும்.

மேலூர் விவசாயி:
ஏன்யா, ரெண்டு பேரும் காசையே பேசுறீங்க. நம்ம ஊரு வெயிலுக்கு நல்லா கரண்டு வரும். அதனாலதானே ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதில 648 மெகாவாட்டு சோலார் போட்டான்?

திருநகர்க்காரன்:
கமுதில 2016ல போட்டது ஆயிரக்கணக்கான ஏக்கர் பொட்டல்ல. அதுக்கும் நம்ம மாடிக்கும் கணக்கு ஒட்டாது. இன்னொரு விஷயம், வெயில் வேற, சூடு வேற. பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும். சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதத்துக்கு மேல கரண்டு குறையும். சித்திரை மத்தியானத்துல பேனலைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது. எட்டடி ஸ்டாண்டுல அடியில காத்து ஓடும், சூடு தணியும். ஒண்ணரை அடில தளத்துச் சூடும் சேந்து மேல ஏறும். எந்தப் பக்கம் போனாலும் ஸ்டாண்டுலதான் வந்து நிக்குது.

வண்டியூர்வாசி:
ஆடிக்காத்துல அம்மியே பறக்குங்குறான். எட்டடில அவ்வளவு பெரிய தகட்டை விரிச்சு வச்சா காத்து சும்மா விடுமா? எனக்குத் தாழத்தான் பலம்.

திருநகர்க்காரன்:
அதுக்குத்தான் தம்பி 12,000 ரூபாய்க்குப் பீடம்.

வண்டியூர்வாசி:
தம்பின்னு கூப்பிடாதீங்க. நான் உங்களுக்கு மூத்தவன். இதுவரைக்கும் அண்ணேன்னுதானே சொன்னீங்க?

பைபாஸ் ரோட்டுக்காரன்:
ஒரு சந்தேகம். சோலார் போட்டா கரண்டு கட் ஆனாலும் ஃபேன் ஓடுமா? மாசாமாசம் பராமரிப்புன்னு காலைல ஒம்போதுக்கு நிறுத்துறாங்க, அம்மாவுக்கு ஆஸ்துமா.

கூடல்நகர் அக்கா:
ஓடாது தம்பி. பேட்டரி இல்லாத சாதா சோலார் ஈபி லைனோட சேந்துதான் ஓடும். லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு கரண்டு போனதும் இன்வெர்ட்டர் தானா நின்னுரும். நல்லா வெயில் அடிக்கும், வீட்டுல ஃபேன் நிக்கும். அம்மாவுக்காகன்னா பேட்டரி இன்வெர்ட்டரையும் தனியா வச்சுக்கப்பா.

திருநகர்க்காரன்:
பேட்டரியும் செலவுதான், 1,02,000க்குள்ள அதுவும் வராது. சரி, என் பில்லையும் சொல்றேன். ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டு, 3,900 சொச்சம் வந்துச்சு. 500ஐத் தாண்டுனதும் ரேட்டு ஏறுது பாருங்க, அதுலதான் அடி. 3 கிலோவாட்டு நல்ல நாள்ல 12 யூனிட்டு தருது, ஐப்பசி கார்த்திகைல பாதிக்கு இறங்குது. வருஷத்துக்கு 23,000 மிச்சம்னு வச்சாலும் 1,02,000க்கு நாலரை வருஷம், 1,47,000க்குக் கிட்டத்தட்ட ஆறரை வருஷம். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் சனங்க கடன் வாங்குது. மானியம் போக மிச்சத்தைக் குடுத்தா போதும்னு நினைச்சு வர்றவனுக்கு, முழுக் காசையும் முதல்ல கட்டணும், மானியம் அப்புறம்தான் பேங்குல ஏறும்னு நீங்க எங்கயாவது எழுதுனீங்களா?

வண்டியூர்வாசி:
எழுதுன ஒரு வரியில இம்புட்டையும் எழுத முடியுமா? நான் கட்டுனது 1,02,000. பில்லு இருக்கு. போட்டோ போடவா?

திருநகர்க்காரன்:
போடுங்க. பில்லோட சேத்து மாடி போட்டோவும் போடுங்க, பக்கவாட்டுல இருந்து.

மேலூர் விவசாயி:
பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் பேனல்ல விழுந்தா வெட்டச் சொல்லி கேக்க முடியுமா? எங்க ஊருல இது பெரிய சண்டையா ஓடுது.

கூடல்நகர் அக்கா:
தென்னையை வெட்டச் சொல்றவனுக்கு சோலாரே வேண்டாம்.

மேலூர் விவசாயி:
அக்கா, நீங்க தென்னை வச்சிருக்கீங்களா? மட்டை விழுந்து பேனல் உடைஞ்சா யாரு குடுப்பா?

வண்டியூர்வாசி:
போட்டோ போட்டாச்சு. 1,80,000 கழித்தல் 78,000. பாத்துக்குங்க.

திருநகர்க்காரன்:
பில்லு மட்டும்தான் போட்டிருக்கீங்க. மாடி எங்க? ஸ்டாண்டு ஒண்ணரை அடிதானே, துணி எங்க காயப் போடுறீங்க?