மணலில் கரவன் மட்டமாக நிற்கவில்லை, பிரிஜ் குளிரவில்லை: நிலாவெளி

கேள்வி: பனங்காணி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நிலாவெளியில் அம்மம்மாவின் காணி ஒன்று இருக்கிறது, கடலுக்குக் கிட்ட, நாலைந்து பனை, மற்றபடி வெறும் மணல்தான். அங்கே பழைய இழுவைக் கரவன் (காரில் கொழுவி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறேன். ஒரே அச்சு, இரண்டு சில்லு, உள்ளே இரண்டு கட்டில், காஸிலும் கரண்டிலும் ஓடும் சின்ன பிரிஜ். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளோடு ஒரு கிழமை தங்குவதாகத் திட்டம்.

வந்த அன்றே காரைக் கழற்றிவிட்டு, நான்கு மூலையிலும் இருக்கும் கால்களைத் திருகி இறக்கி, அவற்றாலேயே கரவனைத் தூக்கி மட்டம் எடுக்கப் பார்த்தேன். பின்பக்க இடது கால் மணலுக்குள் போனது, இன்னும் திருகினேன், கால் வளைந்தே விட்டது. இப்போது கடல் பக்கம் சரிந்து நிற்கிறது. கதவைத் திறந்தால் தன்பாட்டில் போய் வெளிச்சுவரில் அடிக்கிறது. முட்டை பொரித்தால் எண்ணெய் தாச்சியின் ஒரு பக்கத்திலேயே தேங்கி நிற்கிறது. பெரிய கவலை பிரிஜ்தான். காஸ் எரிகிறது, பின்பக்கம் நல்ல சூடு, ஆனால் உள்ளே வைத்த பாரை மீன் கெட்டுப்போய்விட்டது. பிரிஜ் பழுதா, சரிவுதான் காரணமா? மணலில் எப்படித்தான் மட்டம் எடுப்பது?

பதில்: ரொறன்ரோ திருமலையான்

முதலில் பிரிஜ்ஜை நிறுத்துங்கள், இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

காஸில் ஓடும் அந்த வகை பிரிஜ்ஜில் மோட்டாரே கிடையாது. 1922இல் சுவீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. அமோனியா கலந்த தண்ணீரை பிரிஜ்ஜின் பின்பக்கக் காஸ் நெருப்பு கொதிக்க வைக்கிறது, அமோனியா ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, பெட்டியின் உள்பக்கக் குழாயில் மறுபடி ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, பிறகு தண்ணீரோடு சேர்ந்து கீழே வடிந்து திரும்பவும் சூடேறும் இடத்துக்கு வருகிறது. அந்த வடிதல் தன் பாரத்தால் மட்டும் நடக்கிறது. கரவன் சரிந்து நின்றால் திரவம் வழியில் தேங்கும், சூடேறும் இடம் வறண்டு போகும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் இரசாயனம் கட்டிபட்டுக் குழாயை அடைக்கும். அப்படி அடைத்துவிட்டால் பிறகு மட்டம் எடுத்தும் பயனில்லை, பிரிஜ் போனதுதான். தெருவில் ஓடும்போது வண்டி ஆடிக்கொண்டே போவதால் திரவம் ஓரிடத்தில் தங்காது, அதனால் பயமில்லை. சரிவிலேயே நிறுத்தி மணிக்கணக்கில் எரிய விடுவதுதான் கெடுக்கும். பல மொடல்களுக்கு ஒரு பக்கம் 3 பாகை வரைக்கும்தான் தாங்கும் என்பார்கள், அது 4 அடிக்கு இரண்டரை அங்குலம் மாதிரி.

மூலைக் கால்கள் தூக்குவதற்கு அல்ல. உள்ளே நடக்கும்போது கரவன் ஆடாமல் இருக்கத்தான் அவை. நான் ஒன்ராறியோவில் பல வருடம் கரவன் இழுத்துத் திரிந்தவன், இந்தத் தவறை அங்கேயும் நிறையப் பேர் செய்கிறார்கள். நான்கு காலையும் மேலே ஏற்றுங்கள், காரைத் திரும்பக் கொழுவுங்கள். பக்கவாட்டு மட்டத்தைச் சில்லில்தான் எடுக்க வேண்டும், அதுவும் கார் மாட்டியிருக்கும்போதே. முன்பின் மட்டம் கடைசியில், கொழுக்கிப் பக்கத்து ஜாக்கியால்.

பதில்: உப்புவெளி மேசன்

தம்பி, கரவன் எனக்குப் பழக்கமில்லை, மட்டம் பழக்கம். 4 அடி ரசமட்டத்தை உள்ளே தரையில் குறுக்காக வையுங்கள். பள்ளப் பக்க முனையைக் குமிழி நடுவுக்கு வரும் வரை தூக்கி, கீழே எவ்வளவு இடைவெளி என்று அளவுங்கள். 1 அங்குலம் வந்து, சில்லுக்குச் சில்லு 6 அடி என்றால் பள்ளப் பக்கம் ஒன்றரை அங்குலம் உயர வேண்டும். ரசமட்டம் இல்லாவிட்டால் உள்ளே தெரியும் வளைகுழாயில் தண்ணீர் விட்டு இரண்டு முனையிலும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

மணலை நம்ப வேண்டாம். சில்லு நிற்கப் போகும் இடத்தில் தண்ணீர் ஊற்றி இடித்து இறுக்குங்கள். இரண்டு சில்லுக்கும் கீழே அகலப் பலகை ஒவ்வொன்று போடுங்கள், பள்ளப் பக்கத்துக்கு மட்டும் போட்டால் மற்றச் சில்லு இரவோடு இரவாக இறங்கிவிடும். அதற்கு மேல் பள்ளப் பக்கத்தில் தேவையான உயரத்துக்கு அடுக்குங்கள், ஏறும் முனையைச் சரிவாக அறுத்து விட்டால் கார் இலேசாக இழுக்கும். டயரின் முழு அகலமும் பலகையில் இருக்க வேண்டும். சீமெந்துக் கல் வைக்க வேண்டாம், உள்ளே பொள்ளலான கோறைக்கல் சொல்லாமல் வெடிக்கும். ரயில் பாதையில் போடும் பழைய சிலிப்பர் கட்டை கிடைத்தால் அதைப் போல ஒன்றும் இல்லை.

மேலே ஏறியதும் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் அடைக்கட்டை இறுக்கிக் கொடுத்த பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், யாரும் கீழே படுக்கவும் கூடாது.

பதில்: சல்லி அக்கா

மேசன் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் காணியிலும் இப்படி ஒன்று நின்றது. முன்பின்னாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிங்க் வடியும் பக்கம் தாழ்வாக விடுங்கள், இல்லாவிட்டால் கழுவுகிற தண்ணீர் போகாது. அப்புறம், இப்போது மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. கதவும் பிரிஜ்ஜின் காற்றுத் துவாரமும் மேற்கே பார்த்தால் புழுதி உள்ளே வரும், காஸ் நெருப்பும் அணையும். எப்படியும் காரைக் கொழுவத்தானே போகிறீர்கள், அப்படியே திருப்பி நிறுத்துங்கள்.

பனங்காணி

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன்: 4 அடிக்கு 2¾ அங்குலம், சில்லுக்குச் சில்லு ஐந்தரை அடி, ஆகவே 3¾ அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. மச்சான் வீட்டில் 2 அங்குலப் பலகை கிடைத்தது. மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளப் பக்கம் மூன்று. முதல் தரம் இழுத்தபோது மேல் பலகை வழுக்கி முன்னே போனது, பழைய சாக்கை இடையில் விரித்த பிறகு நின்றது. கதவை இப்போது எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. பிரிஜ்ஜை ஒரு இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் பற்றவைத்தேன். அன்று மாலை தண்ணீர்ப் போத்தல் குளிர்ந்திருந்தது, மறுநாள் காலை ஐஸ் தட்டு உறைந்துவிட்டது. அந்த நிம்மதியைச் சொல்ல முடியாது, பிள்ளைகள் ஆளுக்கொரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

மேசன் அண்ணா, இன்று பார்த்தால் கடல் பக்கம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) இறங்கியிருக்கிறது. திரும்ப எடுக்கவா?

உப்புவெளி மேசன்

வேண்டாம் தம்பி, ஒரு நூல்தானே. புது இடத்தில் பாரம் அமர்ந்திருக்கிறது. நாளைக்கும் ஒரு தரம் வைத்துப் பாருங்கள், பெரிய மழை பெய்தால் அடுத்த நாளும் பாருங்கள். அந்த வளைந்த காலைத் தட்டி நிமிர்த்திப் போட வேண்டாம், வேறு கால் வாங்குங்கள்.