அறிவியல் மையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதால் என்ன பயன்?

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் கோளரங்கத்துடன் அமைந்துள்ள அப்துல் கலாம் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்று ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். கழகத்தில் சிலர் இதை ஏற்கவில்லை. பேருந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தில் ஆய்வகத்துக்குக் கருவிகள் வாங்கலாம் என்றும், அங்கே போனால் பிள்ளைகள் பொத்தான்களை அழுத்திவிட்டுப் பிற்பகல் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். தொட்டும் இயக்கியும் பார்க்கும்படி அமைக்கப்பட்ட இத்தகைய மையங்கள் உண்மையிலேயே கல்விக்குப் பயன்படுகின்றனவா, அல்லது பொருட்காட்சியின் இன்னொரு வடிவம்தானா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

முன்னாள் விளக்குநர் (பண்ருட்டி):

ஐயா, நான் வேறொரு நகரின் அறிவியல் மையத்தில் சில ஆண்டுகள் விளக்குநராக வேலை பார்த்தவன். மறுப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்து, பதிவு செய்த குரல் விளக்கத்தைச் சொல்லி முடித்துவிடுகிற காட்சிப்பொருளின் முன்னால் எந்தப் பிள்ளையும் நிற்பதில்லை; குரல் பாதியில் இருக்கும்போதே அடுத்ததற்கு ஓடிவிடும். ஆனால் சுழல்நாற்காலி இருக்கும் இடத்தில் எப்போதும் வரிசை நிற்கும். இரண்டு கைகளிலும் எடைக்கட்டிகளைப் பிடித்துக் கைகளை விரித்தபடி உட்கார்ந்தவரை மெதுவாகச் சுழற்றிவிட்டு, கைகளை மார்போடு மடக்கச் சொன்னால், யாரும் தள்ளாமலேயே சுழற்சி வேகமெடுக்கும். கோண உந்தம் (சுழலும் பொருளின் நிறை, அது அச்சிலிருந்து விலகியிருக்கும் தொலைவு, சுழலும் வேகம் ஆகியவற்றைச் சேர்த்த அளவு) மாறாது என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிடும். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த வரியில் இல்லாத ஒன்றும் தெரிகிறது: கைகளை உள்ளே இழுப்பது எளிதாக இல்லை, எடைகள் வெளியே போகத் துடிக்கின்றன. அவற்றை இழுக்கத் தன் தசைகள் செய்த வேலையிலிருந்துதான் கூடுதல் ஆற்றல் வந்தது என்ற இடத்துக்கு அந்தப் பிள்ளையைக் கேள்விகளாலேயே கொண்டு வந்துவிடலாம். விளக்குநர் முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது.

இந்த அணுகுமுறைக்குப் பெயர் பெற்றது 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட எக்ஸ்ப்ளோரட்டோரியம். அதைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலை பறிபோனபின் கொலராடோவில் மாட்டுப் பண்ணை நடத்தியவர், அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் பாடமும் எடுத்தவர். காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறையைப் பார்வையாளர் கண்ணில் படும்படியே வைத்தார். செய்முறைகளைப் பிற மையங்களும் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டும் விட்டார்கள். பள்ளி மாணவர்களையே விளக்குநர்களாக அமர்த்தும் வழக்கமும் அங்கே உண்டு. என்னைக் கேட்டால், அங்கிருந்து நாம் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி வழக்கம்தான். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் ஒழுங்காகப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

நம் நாட்டில் 1959இல் கொல்கத்தாவிலும், 1965இல் பெங்களூரிலும் இத்தகைய அருங்காட்சியகங்கள் வந்துவிட்டன. சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதன் கோளரங்கமும் 1980களில் வந்தன. ஆகவே இது புதுமோகம் அல்ல.

இயற்பியல் ஆசிரியை (முத்தியால்பேட்டை):

மேலே எழுதிய நண்பரோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் அவர் தொடாத ஒரு குறையைச் சொல்ல வேண்டும். காட்சிப்பொருள் சரியாக வேலை செய்யும்போதே அதன் அருகில் எழுதி வைத்திருக்கும் விளக்கம் தவறாக இருக்கக்கூடும். எல்லா மையங்களிலும் ஒரு காற்றூதியும் அதன்மேல் மிதக்கும் பந்தும் இருக்கும். வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவு, ஆகவே சுற்றியுள்ள காற்று பந்தை உள்ளே தள்ளுகிறது என்று பலகையில் எழுதி, பாய்மங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த பெர்னூலியின் பெயரைப் போட்டிருப்பார்கள். திறந்த வெளியில் பீறிடும் காற்றுத்தாரையின் அழுத்தம் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தமே. வேகம் இருப்பதாலேயே அது குறைந்துவிடாது. ஊதியைச் சாய்த்துப் பந்தின் அடிப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். காற்று பந்தின் மேற்புறத்தை ஒட்டி வளைந்து கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்றைக் கீழே திருப்பிய பந்து, எதிர்விசையால் மேலே தாங்கப்படுகிறது. இதை எங்கள் மாணவிகளே கையை வைத்துக் கண்டுபிடித்தார்கள், பலகையைப் படித்து அல்ல. எனவே பலகையில் உள்ளதைக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லும் வேலையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பல பள்ளிகளில் சுற்றுலா என்றாலே அதுதான் நடக்கிறது; பிள்ளைகள் பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பழுதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான கைகள் இழுத்துத் திருகும் பொருள் பழுதாகத்தான் செய்யும். பழுது பார்க்க ஆளும் உதிரிப் பாகமும் இல்லாத மையத்தில் 'வேலை செய்யவில்லை' என்ற அட்டைகளைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே போய், எவை இயங்குகின்றன என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

மணல்மேடு (கடலூர் முதுநகர்):

தோழர், லாஸ்பேட்டைக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் ஆய்வகமா, மையமா என்று கேள்வியை நிறுத்துவது சரியில்லை. ஆய்வகம் பள்ளி மாணவருக்கு மட்டும் உரியது. மையத்துக்கு மீனவரும் கடைக்காரரும் பாட்டியும் வரலாம், தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தார்களே, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டவர் அந்தக் கடமையை எங்கே போய்ச் செய்வார்?

என் வருத்தம் வேறு. எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் அதே ஊசல், அதே கோணல் கண்ணாடி. நம் பகுதிக்கென்று இருக்கும் அறிவியல் எங்கே? நீள்சதுரத் தொட்டி ஒன்றில் மணலைக் கரைபோலச் சரித்து, தண்ணீர் ஊற்றி, ஒரு பலகையால் அலைகளைச் சாய்வாக அனுப்பினால் மணல் கரையோரமாக நகர்வது தெரியும். நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். நம் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின் தெற்கே மணல் குவிந்து, புதுச்சேரி நகரக் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்ட வேண்டி வந்ததன் காரணம் அந்தத் தொட்டியிலேயே தெரிந்துவிடும். தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு அந்தத் தொட்டியை விளக்க வேண்டியிருக்காது. அவர்கள்தாம் நமக்கு விளக்குவார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து ஏன் ஓயாமல் நீரை இறைக்கிறார்கள் என்பதற்கும், இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவே மணல் அடுக்கை வைத்துச் சாய்த்த கண்ணாடிப் பெட்டி ஒன்று போதும். மேல் நுனியில் நீரை விட்டு, தாழ்ந்த பக்கத்தில் மேல் களிமண்ணைத் துளைத்தால் ஊற்றுப்போலப் பீறிடும்.

செலவே இல்லாதது வேண்டுமானால், ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாள்களையொட்டி நம் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். தரையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நடக்காமல் ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து நடப்பது ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. நாமோ ஏறத்தாழ 79.8 பாகையில் இருக்கிறோம். மீதிக் கணக்கை அவர்களிடமே விடலாம்.

கெடிலக்கரை (கடலூர்):

மூவருக்கும் நன்றி. மணல் தொட்டியைப் பள்ளியிலேயே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரே ஓர் ஐயம்: எண்பது பிள்ளைகளை ஒரே நாளில் அழைத்துச் செல்வது சரிவருமா?

முன்னாள் விளக்குநர் (பண்ருட்டி):

வேண்டாம் ஐயா. இரண்டு தவணையாகப் பிரியுங்கள். உள்ளே நுழைந்ததும் அரை மணி நேரம் அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள், ஓடித் தீரட்டும். பிறகு மூவர் மூவராக ஒரே ஒரு காட்சிப்பொருளைத் தேர்ந்தெடுத்து, அதில் எதை மாற்றினால் என்ன மாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கோளரங்கக் காட்சி நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், அதை ஒட்டி மற்றதைத் திட்டமிடலாம்.