அழாமல் பிறந்த குழந்தைகள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பிரசவ அறை நர்ஸ் நான். இரவில் டாக்டர் கிடையாது, ஆபரேஷன் தியேட்டர் எப்போதுமே கிடையாது. ஒரு இரவு வந்த பெண்ணுக்கு முந்தின நாளே பனிக்குடம் உடைந்திருந்தது, வழியில் யாரோ பிரசவ வலியை வரவைக்கும் ஊசி வேறு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வயிற்றில் கை வைத்தால் கல். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கர்ப்பப்பை தளர்ந்தால்தான் குழந்தைக்கு ஒழுங்காக ரத்தம் போகும், கணக்கில்லாமல் மருந்து ஏற்றினால் அந்த இடைவெளியே போய்விடும். 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டிய இதயத்துடிப்பு 80-லேயே நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டோம், வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. உள்ளேயே மோஷன் போயிருந்தது, கை கால் துவண்டு, சத்தமே இல்லை. துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டு, கையால் அழுத்தி மூச்சுக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கை எடுத்தால் அதில் பெரியவர்களுக்கான மாஸ்க்! குழந்தை மாஸ்க் பீரோவுக்குள், சாவி பகல் டியூட்டிக்காரரிடம். பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். ஒரு நிமிடத்துக்குள் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும், அந்த நிமிடம் பூட்டோடு போயிற்று. மூச்சு வந்தது, ஆனால் வலிப்பு நிற்கவில்லை, போய்விட்டது. பதிவேட்டில் 'மூச்சுத்திணறல்' என்று மட்டும் எழுதினார்கள். ஊசியும் சாவியும் எங்கேயும் ஏறவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

*

சிஸ்டர், நான் கதவுக்கு வெளியே நின்ற அப்பா. எங்களுக்குத் தலைப்பிரசவம், குழந்தைக்குக் கால் முதலில் வந்து தலை மாட்டிக்கொண்டது. முதலில் போன இடத்தில் 'இங்கே முடியாது' என்று சொல்வதற்கே பொழுது சாய்ந்துவிட்டது, அப்புறம் வண்டிக்குப் பணம் புரட்டி அடுத்த இடத்துக்குப் போனால் அங்கே டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். 'இறந்தே பிறந்தது' என்று துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முனகல் கேட்டது என்று கூட இருந்த என் மாமியார் இன்றும் சொல்கிறார். யாரிடம் போய்க் கேட்பது? மனைவிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, அதற்கு என்ன செய்வது என்றுகூட யாரும் சொல்லி அனுப்பவில்லை.

*

நான் குழந்தை மருத்துவன். உங்கள் மாமியார் சொல்வது நடக்கக்கூடியதுதான். அசையாமல், நீலம் பாரித்து, ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை இறந்து பிறந்ததாக எழுதிவிடுகிறார்கள். தொப்புள் கொடியின் அடியை விரலால் பிடித்துப் பார்த்தாலே பல நேரம் துடிப்பு தெரிந்துவிடும், தெரியாவிட்டால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாளுக்குள் இறந்ததாக ஐ.நா. சொல்கிறது. இறந்தே பிறந்ததாக எழுதப்படுபவை அந்த எண்ணிக்கையில் சேராது.

நிறைமாதக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தொடங்க ஆக்சிஜன் சிலிண்டர்கூட வேண்டாம், அறைக் காற்றே போதும். எங்கள் இடத்தில் டியூட்டி மாறும்போது மாஸ்க்கை உள்ளங்கையால் அடைத்துப் பேக்கை அழுத்தி, காற்று கசிகிறதா, சின்ன மாஸ்க் இரண்டு அளவிலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். பீரோவில் பூட்டுவதில்லை. இதெல்லாம் பிறந்த பிறகு செய்வது, சரி. வலி நேரத்தில் துடிப்பைக் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் குறித்துவந்தால்தான் எப்போது அனுப்பவேண்டும் என்று தெரியும், பல இடங்களில் அந்தத் தாளைப் பிரசவம் முடிந்தபிறகு உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், எல்லாப் புள்ளியும் ஒரே பேனா, ஒரே மை.

*

தம்பி, மறுபடி நர்ஸ்தான். பால் கட்டினால் குளிர்ந்த துணி வைக்கலாம், வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சலாம், முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்கு இது அன்றே சொல்லப்பட்டிருக்க வேண்டும், பின்னால் படிக்கிறவர்களுக்காவது உதவட்டும்.