2 3/4 + 3 5/6 = 5 8/10 ஏன் தவறு? குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
வணக்கம். மகள் கலப்பு பின்னக் கூட்டல் படிக்கிறாள். 2 3/4 + 3 5/6 என்ற கணக்கில் முழு எண்களைக் கூட்டி 5 என்றாள். பிறகு தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 8/10 என்றாள். ஆக 5 8/10. புத்தகத்தில் விடை 6 7/12. "முழு எண்களை நேராகக் கூட்டலாம், பின்னத்தைக் கூட்டக் கூடாதா?" என்கிறாள். விதி எனக்குத் தெரியும். காரணத்தை எப்படிச் சொல்வது?

பதில் 1:
முழு எண்களைத் தனியாகக் கூட்டியது முற்றிலும் சரி. முதலில் அதைப் பாராட்டிவிடுங்கள். சிக்கல் 8/10 மட்டும்தான். அதைச் சுருக்கினால் 4/5, அதாவது 24/30. ஆனால் 5/6 என்பது 25/30. ஆறில் ஐந்து பங்கோடு முக்காலையும் சேர்த்த பிறகு இருந்ததைவிடக் குறையுமா? இதை அவளே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

பகுதி துண்டின் அளவைச் சொல்கிறது, தொகுதி எத்தனை துண்டு என்று சொல்கிறது. கால் துண்டு மூன்று, ஆறிலொரு துண்டு ஐந்து. மொத்தம் எட்டுத் துண்டுகள்தாம், ஆனால் எல்லாம் ஒரே அளவில் இல்லையே! 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. எல்லாவற்றையும் பன்னிரண்டில் ஒரு துண்டுகளாக்கினால் 9/12 + 10/12 = 19/12. இப்போது துண்டுகளை எண்ணலாம்.

பதில் 2:
தகா பின்னமாக்கியும் (தொகுதி பகுதியைவிடப் பெரியது) செய்யலாம்: 11/4 + 23/6 = 33/12 + 46/12 = 79/12 = 6 7/12. முழு எண்கள் பெரிதானால் பெருக்கல் கனத்துவிடும். அப்போது முதல் வழியே நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. 4/5, 5/6 இரண்டையும் ஒப்பிட்டதுமே அவளே அடித்துவிட்டு மறுபடி போட்டாள். இப்போது 5 19/12 என்று எழுதி நிறுத்துகிறாள். இது தவறா?

பதில் 1:
மதிப்பு சரி, கணக்கு முடியவில்லை. கலப்பு பின்னத்தில் முழு எண்ணுக்குப் பக்கத்தில் தகு பின்னம்தான் (தொகுதி பகுதியைவிடச் சிறியது) நிற்க வேண்டும். 19/12இல் 12/12 ஒரு முழுமை. அது 5உடன் சேர்ந்து 6 ஆகும், மீதி 7/12. மீச்சிறு பொது மடங்கு பிடிபடாத நாளில் 4 × 6 = 24 என்று எடுத்தாலும் பாதகமில்லை: 18/24 + 20/24 = 38/24, சுருக்கினால் அதே 19/12.

அடுத்து 4 1/6 + 2 3/8 கொடுத்துப் பாருங்கள். விடை 6 13/24. இதில் முழு எண்ணோடு 1 சேராது. எப்போதும் சேரும் என்று அவள் பழகிவிடக் கூடாது.