53 யூரோ கூலி, 2,600 யூரோ பை: தப்பு விலையிலா, கூலியிலா?

வெட்டிப்பேச்சு (கேள்வி):
அண்ணி துபாய் போகிறார், டியோர் கைப்பை வாங்கி வரப் போவதாக வீடே அமர்க்களப்படுகிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் 2024-ல் இத்தாலியின் மிலான் நீதிமன்றத்தில் வந்த டியோர் விவகாரத்தை எடுத்துவிட்டேன். கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. அதற்கு அண்ணி, "பிடிச்சவங்க வாங்குறாங்க, உனக்கென்ன?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி விலை வைப்பது ஏமாற்று வேலை இல்லையா, இல்லை நான்தான் வயிற்றெரிச்சலில் பேசுகிறேனா?

கணக்கப்பிள்ளை:
53-ஐ வைத்து 2,600-ஐ நேராக வகுக்காதீர்கள். தோல் விலை அந்த 53-ல் சேராது. டிசைன், கடை வாடகை, விளம்பரம் எல்லாம் தனி. அதையெல்லாம் கழித்தாலும் கொழுத்த லாபம்தான், மறுக்கவில்லை. தாய் நிறுவனமான எல்விஎம்எச்சின் 2024 கணக்கில் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குதான் சரக்கின் அடக்கவிலை. ஆனால் அரிசி, மருந்து என்றால் சண்டை போடலாம். கைப்பை இல்லாமல் யார் சாகப் போகிறார்கள்? விலை கூடினால்தான் இந்தச் சரக்குக்கு மவுசே. அண்ணி சொன்னது சரி.

அப்பர்தையல்:
விலையை விடுங்கள், அந்தப் பட்டறைகளைப் பாருங்கள். மிலானைச் சுற்றி சீன முதலாளிகள் நடத்தியவை. ஆட்கள் அங்கேயே படுத்து, அங்கேயே எழுந்து தைத்திருக்கிறார்கள், சிலரிடம் நாட்டில் இருப்பதற்கான பேப்பரே இல்லை. வேகம் குறையக் கூடாது என்று மெஷினில் இருந்த பாதுகாப்புக் கருவியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மாட்டிவிட்டது கரண்ட் கணக்கு: ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் மெஷின் ஓடியது அதில் அப்படியே தெரிந்தது.

நான் ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். ஆர்டர் அவசரம் என்றால் சரக்கு ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும், ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். ஆடிட்டுக்கு வருகிறவர் மெயின் ஷெட்டில் தீயணைப்பு சிலிண்டரின் தேதியைப் பார்ப்பார், மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) புரட்டுவார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். திண்ணையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிற அம்மா அவர் கண்ணில் பட்டதே இல்லை. இன்னொரு பிராண்டான அர்மானியின் வழக்கிலும் இதே சங்கிலிதான்: ஒரு பைக்குப் பட்டறைக்கு 93 யூரோ, நடுவில் இருந்த சப்ளையர் அதை அர்மானிக்கு விற்றது 250-க்கு, கடையில் சுமார் 1,800.

வெட்டிப்பேச்சு:
அப்போ "எங்களுக்குத் தெரியாது, சப்ளையர் செய்தது" என்று சொல்லி பிராண்டுகள் தப்பித்துவிடலாமே?

ஓரத்துஇருக்கை:
பாதி தப்பித்தார்கள். டியோர், அர்மானி மேல் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனால் கண்காணிக்கத் தவறியதற்காக டியோரின் இத்தாலியத் தயாரிப்புக் கம்பெனியை ஓராண்டு நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கண்காணிப்பில் வைத்தார்கள், 2025 பிப்ரவரியில் முன்கூட்டியே விடுவித்தார்கள். 2025-லேயே லோரோ பியானா என்கிற இன்னொரு பிராண்டுக்கும் இதே நடவடிக்கை வந்தது.

கணக்கப்பிள்ளை சார், உங்களோடு எனக்கு ஒத்துவராத இடம் இது. 2025-ல் வணிகப் போட்டியையும் நுகர்வோர் பாதுகாப்பையும் கவனிக்கும் இத்தாலியப் போட்டி ஆணையம் அர்மானிக்கு 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது. கூலி குறைவு என்பதற்காக இல்லை. தொழிலாளர் நலன், சமூகப் பொறுப்பு என்று வாடிக்கையாளரிடம் சொன்னது நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக. ஜவுளிக்கடைக்காரர் பட்டுக்கு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லட்டும், பாலியஸ்டரைக் காட்டிப் பட்டு என்று சொன்னால்? அந்த 2,600-ல் பெரும்பங்கு "பரம்பரைக் கைத்தொழில், இத்தாலிய நேர்த்தி" என்கிற பேச்சுக்குத்தான். பேச்சு பொய் என்றால் விலையும் பொய்தான். அதோடு, பேரம் பேசிய மேனேஜருக்கு, 53 யூரோவில் சட்டப்படி கூலி கொடுத்து ஒரு பையைத் தைக்க முடியுமா என்கிற கணக்குத் தெரியாதா என்ன?

கணக்கப்பிள்ளை:
விளம்பரப் பொய் என்றால் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2,600-ஐ 1,300 ஆக்கினால் தைக்கிறவருக்கு ஒரு யூரோகூட அதிகம் கிடைக்காது. இன்னும் நெருக்குவார்கள். கோபத்தை 53 மேல் காட்டுங்கள்.

அப்பர்தையல்:
அதேதான் நானும் சொல்வது. சப்ளையர் வேறு ஆளுக்குக் கைமாற்றினால் ஆர்டர் ரத்து என்று எழுதி, அதை ஒருமுறையாவது நிஜமாகச் செய்தால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

வெட்டிப்பேச்சு தம்பி, அண்ணி எப்படியும் வாங்கத்தான் போகிறார். சென்னை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் கட்டப் பணம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.